ஒசாஃபுனே வாளைப் பற்றி முகிலனுக்கு

அன்புள்ள முகிலனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒக்கயாமாவில் அந்தக் கடைக்காரர் காட்டிய வாக்கிஸாஷியை, அந்தக் குட்டையான ஜப்பானிய வாளை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கியதும் கைப்பிடிக்குள் இருக்கும் துருவைச் சுரண்டிவிட்டு, அலகைப் பளபளவென்று ஆக்கி, ஊர் திரும்பும்போது ஷெஃபீல்டுக்குக் கொண்டு வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். வாங்குவதா வேண்டாமா என்பதைப் பொறுமையாகப் பேசலாம். துருவை மட்டும் தொட்டுவிடாதே கண்ணு. அதைச் சொல்லத்தான் வேறு வேலையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியை ஜப்பானியர் நாககோ என்கிறார்கள். கொல்லர் அதை மெருகிடுவதில்லை. அரத்தால் ராவி, பெயரை வெட்டி, அப்படியே விட்டுவிடுவார். அதன்மேல் நூற்றாண்டுக் கணக்கில் படியும் கறுப்புத் துரு அந்த வாளின் வயதுக்குச் சாட்சி. வாள் பார்க்கத் தெரிந்தவர்கள் துருவின் நிறம், அரத்தின் கோடுகள் சாய்ந்திருக்கும் பக்கம், எழுத்து வெட்டப்பட்ட ஆழம் என்று எல்லாவற்றையும் அங்கேதான் படிப்பார்கள். எழுத்துப் பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் சுற்றிலும் இருக்கும் துருவும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும். பள்ளம் மட்டும் புதிதாகத் தெரிந்தால் யாரோ பின்னாளில் வெட்டிய கள்ளக் கையெழுத்து என்று சந்தேகப்படலாம். துருவை எடுத்துவிட்டால் மெய்யா பொய்யா என்று சொல்ல யாராலும் முடியாமல் போய்விடும். இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில், கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கிய நாககோ ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். விற்றவர் அதைப் பெருமையாகவே காட்டினார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சரி, உன் வாளுக்கு வருகிறேன். பிஸென் என்பது ஒக்கயாமா பக்கத்தின் பழைய நாட்டுப் பெயர், ஒசாஃபுனே அங்கே வாள் கொல்லர்களின் ஊர். ஒரு பக்கம் "பிஸென் நாட்டு ஒசாஃபுனேயில் வாழும் சுகேசதா" என்றும், மறுபக்கம் தையெய் 5ஆம் ஆண்டு 8ஆம் மாதம் என்றும் வெட்டியிருப்பதாகக் கடைக்காரர் படித்துச் சொன்னாராம். தையெய் 5 என்றால் 1525. பிஸென் கொல்லர்கள் வாளில் பெரும்பாலும் 2ஆம் மாதத்தையோ 8ஆம் மாதத்தையோதான் வெட்டினார்கள், அது அவர்கள் வழக்கம். ஆகையால் 8ஆம் மாதம் என்றிருப்பதை வைத்து அந்த மாதத்தில்தான் அடித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே.

சுகேசதா என்பதும் ஒரே ஆள் இல்லை. போர்கள் ஓயாத அந்தக் காலத்தில் ஒசாஃபுனேயில் அந்தப் பெயரோடு ஏராளமான கொல்லர்கள் இருந்தார்கள். படைகளுக்காகக் கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளியவையும் உண்டு, ஒருவர் கேட்டு நிதானமாகச் செய்து கொடுத்தவையும் உண்டு. அவசரத்தில் செய்தவற்றில் "பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்ற சுருக்கமான கையெழுத்தே அதிகம், பிஷூ என்பது பிஸென்னின் சுருக்கம். "பிஸென் நாட்டு" என்று நீட்டி எழுதி, நடுவில் யோஸோஸாயெமோன் மாதிரி ஒரு தனிப் பெயரும் வந்தால் நல்ல வேலையாக இருக்க வாய்ப்பு கூடும். உன் படத்தில் நீளமான வடிவம் இருக்கிறது, தனிப் பெயர் இல்லை. நடுத்தரமான, நேர்மையான வாளாக இருக்கலாம். கையெழுத்து பொய்யாகவும் இருக்கலாம். பெயருக்குப் பணம் கொடுக்காதே, அலகைப் பார்த்துக் கொடு.

அலகை எப்படிப் பார்ப்பது? டியூப் லைட்டு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஒற்றை பல்பு ஒன்று இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகச் சொல். வாள் நுனியை விளக்குப் பக்கம் நீட்டி மெதுவாகச் சாய்த்துப் பார்த்தால் வாய் (வெட்டும் விளிம்பு) ஓரமாக வெள்ளை மூட்டம் போல ஒரு வரி ஓடும். அதுதான் ஹமோன். இதை நான் ரசித்துப் பேச ஆரம்பித்தால் நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் உலோக ஆய்வகத்தில் எஃகைத் துண்டு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவளுக்கு, வெறுங்கண்ணால் அதே படிகங்களைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா?

கொல்லர் அலகின்மேல் களிமண் பூசுவார். முதுகுப் பக்கம் தடிப்பாக, வாய்ப் பக்கம் மெல்லிசாக. காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் கொடுக்கும்போது மெல்லிசாகப் பூசிய வாய் சட்டென்று குளிர்ந்து மார்ட்டன்சைட் என்ற மிகக் கடினமான படிக அமைப்பாக ஆகிவிடும். தடிப்பாகப் பூசிய முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கும். மார்ட்டன்சைட் கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் வாய்ப்பக்கம் நீண்டு அலகை முதுகுப் பக்கமாக வளைக்கும். ஜப்பானிய வாளின் வளைவில் ஒரு பங்கு சுத்தியல் தந்தது, மறு பங்கு அந்தத் தண்ணீர்த் தொட்டியில் சில நொடிகளில் பிறந்தது. அந்த நொடிகளில் அலகு விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் வீண். ஹமோனுக்குள் மினுமினுவென்று தனித்தனிப் பொடியாகத் தெரிபவற்றை நியே என்பார்கள், பனிபோல் கலந்து தெரிவதை நியோய். பிஸென் வாள்களில் ஹமோனுக்கு மேலே இன்னொரு நிழல் மூட்டமும் தெரியும், அது உத்சுரி. சுகேசதாக்களின் ஹமோனில் நண்டுக் கொடுக்கு மாதிரி பிளந்த வளைவுகளைத் தேடிப் பார். பார்த்ததும் தெரியும்.

குறைகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதே. வாயிலிருந்து குறுக்காக மேலே ஏறும் முடி மாதிரி விரிசல், ஹகிரே. அது இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வா. நுனியில் ஹமோன் திரும்பி முதுகைத் தொட வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் நுனி உடைந்து திருத்தப்பட்டிருக்கும், அல்லது தீ விபத்தில் தோய்ச்சல் போய்விட்டிருக்கும். எஃகை மடித்து அடித்த இடத்தில் சின்னதாகப் பிளவு தெரிவதெல்லாம் 500 வயது எஃகில் சகஜம்.

கடைக்காரர் "பேப்பர் இருக்கிறது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். எந்தப் பேப்பர் என்று கேள். பலர் ஏமாறுவது இங்கேதான். தோரொகுஷோ என்பது மாவட்டக் கல்வி வாரியம் தரும் பதிவுச் சீட்டு. வாளின் வகை, நீளம், வளைவு, கைப்பிடி ஆப்புக்கான துளைகளின் எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அது இல்லாத வாளை ஜப்பானில் வைத்திருப்பதே குற்றம். ஆனால் கையெழுத்து மெய் என்று அது எங்கும் சொல்வதில்லை. வாளில் என்ன வெட்டியிருக்கிறதோ அதை எழுதி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மெய்யா என்று தீர்ப்புச் சொல்வது 1948இல் தொடங்கிய ஜப்பானிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் மாதிரியான அமைப்புகளின் சான்று. அதில் ஹோஸோன், தோகுபெட்சு ஹோஸோன், ஜூயோ, தோகுபெட்சு ஜூயோ என்று கீழிருந்து மேலாகப் படிகள். உனக்கு ஹோஸோன் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் சங்கத்துக்கு அனுப்பித் தீர்ப்பு வந்தபின் பணம் தருகிறேன் என்று பணிவாகக் கேள். நம்பிக்கையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாங்கிவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டவர் என்பதால் தடை ஒன்றும் இல்லை. பதிவு வாளுக்குத்தான், ஆளுக்கு இல்லை. 20 நாளுக்குள் பெயர் மாற்றத்தை அந்தக் கல்வி வாரியத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சீட்டு எப்போதும் வாளோடேயே இருக்கட்டும்.

ஊருக்குக் கொண்டு வரும்போது ஜப்பான் அரசின் கலாசார முகமையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். தேசியப் புதையலோ முக்கியக் கலாசாரச் சொத்தோ இல்லை என்று அவர்கள் உறுதி செய்து தருவார்கள். தோரொகுஷோவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதற்கு வாரக் கணக்கில் ஆகும், கிளம்பும் வாரத்தில் ஓடாதே. இங்கே பிரிட்டனில் 2008 முதல் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள வளைந்த வாள்களுக்குத் தடை இருக்கிறது. உன்னுடையது 53 சென்டிமீட்டர், பழைய ஜப்பானிய அளவில் 1 ஷாக்கு 7 சுன் 5 பு. ஆனால் 1954க்கு முன் செய்தவைக்கும், பழைய முறையில் கையால் செய்தவைக்கும் விலக்கு உண்டு. சுங்கத்துக்கான பட்டியலில் வெறுமனே "வாள்" என்று எழுதவிடாதே. 250 ஆண்டு தாண்டிய பழம்பொருள் என்று, ஆண்டோடும் சான்றின் நகலோடும் எழுதச் சொல். பழம்பொருளுக்கு இறக்குமதி வாட் வரி 5 சதவீதம்தான், ஆயுதம் என்று போட்டுவிட்டால் 20. அலங்காரப் பொருத்துகளில் தந்தம் இருந்தால் அந்தப் பொருத்துகளே வேண்டாம். விமானம் என்றால் ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கு.

பளபளப்பு வேண்டும் என்றாயே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கே வாளுக்கென்றே மெருகுக்காரர்கள் இருக்கிறார்கள், தோகிஷி என்பார்கள். கரடான கல்லில் தொடங்கி, கல் கல்லாக மாற்றி, கடைசியில் நகம் அளவுள்ள கல் செதிலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார்கள். பல ஆண்டுகள் குருவிடம் இருந்து கற்கும் வேலை. அவர்களே கூடத் தேவையில்லாமல் கைவைக்க மாட்டார்கள். ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் எஃகைத் தின்றுவிடும். மேல்தோல் தேய்ந்துபோனால் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு திட்டுத் திட்டாக வெளியே தெரியும், பிறகு அதற்கு மருந்து இல்லை. ஆகவே சாணை, மெட்டல் பாலிஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மெல்லிய கீறலோடு இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உறையிலிருந்து எடுக்கும்போது வாய் மேல் பார்த்திருக்க வேண்டும், அலகின் முதுகு மட்டும் மரத்தில் பட்டு வழுக்கி வர வேண்டும். விரல் அலகில் படவே கூடாது, ஒரு கைரேகை போதும் துருப் பிடிக்க. வாளுக்கு முன்னால் பேசாதே, எச்சில் பொடிகூடத் தெறிக்கக் கூடாது. கைப்பிடியைக் கழற்ற மூங்கில் ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டு, இடது கையால் கைப்பிடியைச் செங்குத்தாகப் பிடித்து, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் மெதுவாகத் தட்டு. நாககோ தானாகத் தளர்ந்து எழும்பும். பழைய எண்ணெயை மென்மையான தாளாலோ சுத்தமான மைக்ரோஃபைபர் துணியாலோ அடியிலிருந்து நுனிக்கு ஒரே போக்கில் துடை. உச்சிகோ என்று ஒரு பொடி உருண்டை விற்பார்கள், சினிமாவில் தட்டுவார்களே அது. நல்ல மெருகுள்ள அலகில் அது நாளடைவில் கீறல் போடும் என்பது என் எண்ணம், அதனால் நான் பயன்படுத்துவதில்லை. பிறகு சோஜி எண்ணெய், கிராம்பு மணம் வரும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு. ஒக்கயாமா மழைக்காலத்தில் அடிக்கடி எடுத்துப் பார், மற்ற நாட்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

வைப்பது ஷிராசயாவில், படுக்கை வாட்டில். ஹோனோகி மரத்தில் செய்த வெள்ளை உறை அது. இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்குச் சோற்றைக் குழைத்த பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கெட்டியான பசை வைத்தால் உள்ளே அழுக்கோ துருவோ சேரும்போது திறக்க முடியாது. சோற்றுப் பசை என்றால் மரம் உடையாமல் பிளந்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டலாம். பிறகு யாரோ ஒருவர் திறக்க வேண்டி வரும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள் பார், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒசாஃபுனேக்கே போய் வா. நீ இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் போய்விடலாம். அங்கே செதோஉச்சி நகராட்சியின் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது, பக்கத்திலேயே கொல்லர்கள் வேலை செய்யும் பட்டறைகளும் உண்டு. உஎசுகி கென்ஷின் என்ற பழைய போர்த்தலைவர் வைத்திருந்த சாஞ்சோமோ என்ற தேசியப் புதையல் வாளை அந்தச் சின்ன ஊர், மக்களிடம் நிதி திரட்டி 2020இல் வாங்கியது, ஏறக்குறைய 50 கோடி யென்னுக்கு. பிறந்த மண்ணுக்கே வாள் திரும்ப வேண்டும் என்று யார் யாரோ பணம் அனுப்பினார்கள். அது எப்போதும் காட்சியில் இருக்காது, விசாரித்துக்கொண்டு போ.

அப்படியிருக்க நாம் ஒன்றை வெளியே கொண்டு வரலாமா என்று நீ கேட்கலாம். 1945க்குப் பிறகு பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொண்டு வந்த வாள்கள் இந்த நாட்டு வீட்டுப் பரண்களில் எத்தனையோ துருப்பிடித்துக் கிடக்கின்றன. அமெரிக்காவில் வால்டர் காம்ப்டன் என்றொரு சேகரிப்பாளர் இருந்தார். தன் கைக்கு வந்த, குனிமுனே என்ற கொல்லர் செய்த வாள், ககோஷிமாவின் தெருகுனி கோவிலிலிருந்து போருக்குப் பின் காணாமல் போன தேசியப் புதையல் என்று தெரிந்ததும், காசு வாங்காமல் 1963இல் திருப்பிக் கொடுத்தார். நடுத்தர சுகேசதா ஒன்றை முறைப்படி சான்று வாங்கி எடுத்து வருவதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நீ அங்கே வேலை பார்க்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். மெருகுக்காரரும் உறை செய்பவரும் அங்கேதான் இருக்கிறார்கள், இங்கே வந்தபின் திருப்பி அனுப்பினால் மறுபடி போலீஸ், பதிவு எல்லாம் முதலிலிருந்து.

இந்த வாரமே கடைக்காரரைப் பார். நாககோவின் இரு பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு, ஃப்ளாஷ் போடாதே. நுனியை நெருக்கமாக ஒன்று. தோரொகுஷோவில் உள்ள நீளமும் துளை எண்ணிக்கையும் வாளோடு ஒத்துப்போகின்றனவா என்று நீயே அளந்து பார். ஹோஸோன் சான்று இருந்து, ஹகிரே இல்லாமல் இருந்தால் வாங்கு. பாதிப் பணம் நான் போடுகிறேன், அப்பாவிடம் பேசியாயிற்று. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா