ஏஎன்ஏ நெகட்டிவ்னா லூபஸ் இல்லன்னு ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லூபஸ்னாலே (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய்) கன்னத்துல பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு தடிப்புன்னு தான் எல்லாரும் எழுதுறாங்க, நம்ம ஊரு நிறத்துல அது சிவப்பாவே தெரியாம கருத்துப்போன மாதிரி இருக்கும், மங்குன்னு சொல்லி க்ரீம் குடுத்து அனுப்பிடுவாங்க. என் தங்கச்சிக்கு அதுவும் இல்ல. சாயங்காலமானா காய்ச்சல், மூச்சை இழுத்தா நெஞ்சுல குத்தல், ஸ்கேன்ல நுரையீரலை சுத்தி தண்ணி. நம்ம ஊர்ல இதை பாத்தா முதல்ல டிபின்னு தான் தோணும், அதுல டாக்டரை குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா லூபஸ் சந்தேகத்துக்கு முதல்ல பாக்குற ஏஎன்ஏ ரத்த டெஸ்ட் எடுத்து நெகட்டிவ்னு வந்ததும் லூபஸ் பேச்சையே மூடிட்டாங்க பாருங்க, அது தான் ஆதங்கம்.

டிபி மாத்திரை போட்டும் காய்ச்சல் விடல, முடி கொத்து கொத்தா கொட்டுச்சு. அப்புறம் பாத்த ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்களுக்கான டாக்டர்) ஏஎன்ஏ ரிப்போர்ட்டை கையில வாங்கினதும் இது எந்த முறையில எடுத்ததுன்னு தான் கேட்டார். எலைசாங்கிற முறையாம். மைக்ரோஸ்கோப்ல பாக்குற இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில திரும்ப எடுத்தா பாசிட்டிவ்! அதுலயும் ஒரு குழப்பம், டிபிக்கு குடுக்குற ஐசோனியசிட் மாத்திரையே சில பேருக்கு ஏஎன்ஏவை பாசிட்டிவ் ஆக்குமாம், லூபஸை உறுதிப்படுத்த உதவுற டிஎஸ்டிஎன்ஏ ரத்த டெஸ்ட் வேற நெகட்டிவ். கடைசில காட்டிக் குடுத்தது சாதாரண யூரின் டெஸ்ட் தான், புரோட்டீன் போயிட்டு இருந்துச்சு, ரத்தத்துல சி3 சி4ன்னு எதிர்ப்பு சக்தி புரதங்கள் ரெண்டும் கம்மி, கிட்னி பயாப்சியில லூபஸ்னு உறுதியாச்சு.

இதுக்கு நேர்மாறா, வெறும் ஏஎன்ஏ பாசிட்டிவ் பேப்பரை வச்சுக்கிட்டு ராத்திரி பூரா நெட்ல தேடி பயப்படுறவங்களும் இருக்காங்க. ரத்தத்தை 80 மடங்கு நீர்க்க வச்சு பாக்குற 1:80 அளவுல (இதை தான் டைட்டர்னு சொல்றாங்க) ஒரு நோயும் இல்லாதவங்கள்லயே 100க்கு 13 பேர் போல பாசிட்டிவ் வரும். 2019ல ஐரோப்பிய, அமெரிக்க ருமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து போட்ட கணக்குல அந்த 1:80 வெறும் கேட் பாஸ் தான், அதுக்கப்புறம் அறிகுறிக்கும் மத்த டெஸ்டுக்கும் மார்க் கூட்டி 10 வரணும், அந்த கணக்கும் ஆராய்ச்சிக்கு நோயாளிகளை வகைப்படுத்த போட்டதே தவிர டாக்டர் நோயை முடிவு பண்றதுக்கு இல்ல.

லேப்காரங்க எந்த முறை, எவ்வளவு டைட்டர்னு ரிப்போர்ட்ல தெளிவா போடட்டும். காரணம் தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கா இழுத்தா யூரின்ல புரோட்டீன் பாக்கட்டும், அதுக்கு பெரிசா செலவும் ஆகாது. சென்ட்ரல் பக்கத்துல இருக்கிற ஜிஎச்ல ருமட்டாலஜிக்குன்னே தனி பிரிவு இருக்கு, எங்க தெருவுலயே பாதி பேருக்கு தெரியாது, அதையாவது உங்க பேப்பர்ல கொஞ்சம் பெரிசா போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை