சமையல்காரருக்கு இங்கே மரியாதை உண்டா? அப்பாவுக்கு ஒரு கடிதம்

அடிலெய்டு,
2025 மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. பங்குனி பிறக்கப் போகிறது, உங்களுக்கு இனி முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாணச் சமையல் ஓட்டமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

போன வாரம் போனில் ஒன்று கேட்டீர்கள். "அங்க சமையல்காரனுக்கு டிவியில அவ்வளவு மரியாதையாமே, நெசமா?" என்று. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் ஏதோ ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். அது ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை, அப்பா. நானும் இதை ரொம்ப நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

டிவியில் மரியாதை இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். மாஸ்டர்செஃப் என்று ஒரு சமையல் போட்டி 2009இல் இங்கே ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. தொழில்முறைச் சமையல்காரர்கள் இல்லை, வீட்டில் சமைக்கிற சாதாரண ஆட்கள்தான் போட்டியாளர்கள். முதல் வருஷம் ஜெயித்தவர் ஜூலி குட்வின், மூன்று ஆண் பிள்ளைகளின் அம்மா. அடுத்த வருஷம் நடந்ததை இன்றைக்கும் இங்கே எல்லாரும் சொல்வார்கள். 2010 ஜூலையில் நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரம். பிரதமர் ஜூலியா கில்லர்டும் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட்டும் டிவியில் நேருக்கு நேர் விவாதிக்க வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரைக்கு மாஸ்டர்செஃப் இறுதிப் போட்டி. கடைசியில் விவாதத்தைத்தான் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஆறரைக்கு வைத்தார்கள். போட்டியை யாரும் தொடவில்லை. சுமார் 40 லட்சம் பேர் அந்த முடிவைப் பார்த்தார்களாம். அப்போது இந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 2 கோடியே 20 லட்சம்தான்.

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் சீசன் நடக்கும் மாதங்களில் காலையில் வேறு பேச்சே இருக்காது. எங்கள் தலைமைச் சமையல்காரர் இந்த ஊர் அம்மா. அவருக்கு அந்த நிகழ்ச்சிமேல் பெரிய மதிப்பு. யாரும் யாரையும் கத்துவதில்லை, தோற்றுப்போனவரை ஜெயித்தவர் கட்டிப்பிடித்து அனுப்புகிறார், என் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன், இப்போது இரண்டு பேருக்கும் சமைக்கத் தெரியும் என்பார். பாத்திரம் கழுவுகிற நேபாளத் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான். நிஜச் சமையலறையில் அழுவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது, ஒரு தட்டை அலங்கரிக்க ஒரு மணி நேரம் யார் தருவார்கள் என்று கேட்பான். பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சமையலைவிடப் போட்டியாளர்களின் குடும்பக் கதைதான் பிடிக்கும். இன்னொரு சேனலில் மை கிச்சன் ரூல்ஸ் என்று ஒன்று வரும். இரண்டு இரண்டு பேராக வந்து, ஒருவர் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டு மார்க் போடுவார்கள். அதில் சாப்பாட்டைவிடச் சண்டைதான் அதிகம். ஒருவர் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டே குறை பேசுவதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அதை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மாஸ்டர்செஃப் எனக்கு நெருக்கமானதற்குக் காரணம் உண்டு. 2018இல் அதில் ஜெயித்தவர் நம் ஆள். சசி செல்லையா, சிங்கப்பூரில் பிறந்த தமிழர். அங்கே போலீஸ்காரராக இருந்துவிட்டு இந்த அடிலெய்டுக்கு வந்து சிறை அதிகாரியாக வேலை பார்த்தவர். சமையலை அம்மாவிடமும் பெரியம்மா சித்திமார்களிடமும் பார்த்துக் கற்றவர். இறுதிப் போட்டியில் 100க்கு 93 வாங்கினார். அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. அதற்கு முன்னால் நான் எங்கே மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தாலும் "கறி" என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு, இது என்ன தாளித்திருக்கிறாய், இந்தப் புளிப்பு எதில் வருகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுவிட்டு நின்று பதிலையும் கேட்டார்கள். வெளியூரில் பிழைக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

2021இல் இன்னும் ஒன்று நடந்தது. மெல்பர்னைச் சேர்ந்த கிஷ்வர் சௌத்ரி, வங்காளதேசக் குடும்பத்துப் பெண், இறுதிப் போட்டிக்கு வந்தார். அவ்வளவு பெரிய மேடையில் அவர் வைத்தது என்ன தெரியுமா? ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. அதைப் புகைபோட்டு வாசனை ஏற்றி, கூடவே உருளைக்கிழங்கு மசியலும் மத்தி மீனும் வைத்தார். உணவகத்தில் யாரும் பார்க்க முடியாத சாப்பாடு இது என்று அவரே சொன்னார். நடுவர்கள் ரசித்துச் சாப்பிட்டார்கள். அவருக்கு மூன்றாம் இடம்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அப்பா. ஆச்சி மண்சட்டியில் ஊற்றி வைத்து, சின்ன வெங்காயத்தோடு தருவாளே, பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் தோசை சாப்பிட்டேன் என்று சொல்வோமே, அந்தச் சோறு. இதை ஆச்சியிடம் அவசியம் சொல்லுங்கள்.

இவ்வளவும் மரியாதைதான். ஆனால் நீங்கள் கேட்டது டிவியில் வருகிறவரைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்றுதானே கேட்டீர்கள்? அதற்கு 2019 ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்தப் போட்டிக்குத் தொடக்கம் முதல் மூன்று நடுவர்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் கலம்பாரிஸ். மெல்பர்னில் பெரிய பெரிய உணவகங்கள் நடத்தியவர், நாடே கொண்டாடிய செஃப். அவருடைய நிறுவனத்தில் பல வருஷங்களாகத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் குறைவாகப் போயிருக்கிறது என்று தெரியவந்தது. 515 பேருக்கு, மொத்தம் 78 லட்சம் டாலருக்கும் மேல். நிறுவனமே முன்வந்து ஒத்துக்கொண்டு பாக்கியைத் திருப்பிக் கொடுத்தது, அவரும் மன்னிப்புக் கேட்டார். அதற்கு மேல் 2 லட்சம் டாலர் கட்டச் சொன்னது தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பு. அவ்வளவு பாக்கி வைத்தவருக்கு இவ்வளவுதானா என்று ஜனங்கள் கொதித்தார்கள். ஒரு மாநிலம் அவரை வைத்து எடுத்த சுற்றுலா விளம்பரத்தையே நிறுத்திவிட்டது. சில நாட்களில் மூன்று நடுவர்களும் நிகழ்ச்சியிலிருந்து விலகினார்கள். அதற்குச் சம்பளப் பேச்சு ஒத்துவராததுதான் காரணம் என்று சேனல் சொன்னது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் அவருடைய நிறுவனமே நொடித்துப்போனது.

அந்த வாரம் எங்கள் சமையலறையில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள். இந்த ஊர்ச் சம்பளக் கணக்கு சிக்கலானது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கணக்கு, ராத்திரிக்கு ஒரு கணக்கு, தவறு நேரலாம், அவராகவே சொன்னாரே என்றார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் என் மனசு ஆறவில்லை. டிவியில் ஒரு கரண்டி சாஸை ருசித்து, இதில் உன் உழைப்பு தெரிகிறது என்று சொல்கிற வாய், தன் சொந்த அடுப்படியில் உழைப்பவனின் கூலியை ஒழுங்காக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது நீங்கள்தான். மறுவீட்டுச் சொதிப் பந்தி முடியும். கோட்டை அடுப்பில் விறகு இன்னும் புகைந்துகொண்டிருக்கும். அண்டாவையும் உருளியையும் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் காய் நறுக்கிய அக்காமார்களையும் தண்ணீர் சுமந்த பையன்களையும் வரிசையாகக் கூப்பிட்டுக் கையில் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் இலையில் உட்காருவீர்கள். பெண் வீட்டார் பாக்கி வைத்த கல்யாணத்திலும் அப்படித்தான் கொடுத்தீர்கள். பந்திக்கு ஒருவரோ இருவரோதான் "யாரு தவசுப்பிள்ளை?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் சாப்பாடு பிரமாதம் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். டிவியில் முகம் வராத உங்களைத்தான் நான் பெரிய சமையல்காரர் என்று நினைக்கிறேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கோபம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு வேறு பெயர்பெற்ற உணவகங்களின் சம்பளக் கணக்குகளும் வெளியே வந்தன. இந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதி முதல், வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது நாடு முழுக்கக் கிரிமினல் குற்றம். எங்கள் நேபாளத் தம்பி அந்தச் செய்தியைத் தன் போனில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அதே 2019 ஜூலையில்தான் மார்கரெட் ஃபுல்டன் என்ற அம்மா 94 வயதில் இறந்துபோனார். எங்கள் இல்லத்துப் பாட்டிமார்கள் வீட்டு மனுஷியை இழந்த மாதிரி இருந்தார்கள். வெந்த கறியும் வேகவைத்த மூன்று காயும் தவிர வேறு அறியாத இந்த ஊர்ப் பெண்களுக்கு 1960கள் முதல் சீனச் சமையலும் இத்தாலியச் சமையலும் பத்திரிகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு பாட்டி தன் கல்யாணமான புதிதில் அவரைப் பார்த்துச் சமைத்த முதல் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் சொன்னாள். மாஸ்டர்செஃப் நடுவர் ஜோக் ஸோன்ஃப்ரில்லோ இறந்துவிட்டார் என்ற செய்தி 2023இல் புது சீசன் தொடங்க வேண்டிய நாளன்று வந்தபோதும் இப்படித்தான், பார்த்தே இராத மனிதருக்காக ஊரே அழுதது. சமைத்துக் காட்டுகிறவரிடம் ஜனங்கள் வைக்கிற பாசம் பொய் இல்லை.

என் தொழிலுக்கே வந்து சேர்ந்த மரியாதை ஒன்று உண்டு. மேகி பியர் என்று ஒருவர். அடிலெய்டுக்கு வடக்கே ஒரு மணி நேரத்தில் பரோசா பள்ளத்தாக்கு, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த இடம், அங்கே இருப்பவர். வயது எண்பதை எட்டிவிட்டது. டிவியில் பல வருஷம் சமைத்துப் பெயர் வாங்கிய பிறகு, 2014இல் முதியோர் இல்லங்களின் சாப்பாட்டுக்காகவே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அதற்குத் தேவை இருந்தது, அப்பா. ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுப் பொருளுக்கு 6 டாலர் அளவில்தான் செலவாகிறது என்று ஒரு ஆய்வு சொன்னது. இங்கே ஒரு கப் காபி 5 டாலர். பிறகு அரசு விசாரணை ஆணையமே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டது. 2021இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 டாலர் கூடுதலாக அரசு தரத் தொடங்கியது.

மேகி அம்மா போன வருஷம் பெர்த் நகரத்தில் ஒரு இல்லத்துக்குள்ளேயே போய் இறங்கி, அங்கே இருக்கிற சமையல்காரர்களோடு நின்று சாப்பாட்டை மாற்றிக் காட்டினார். ஏபிசி என்கிற இந்த ஊர் அரசு டிவி அதை ஒளிபரப்பியது. போட்டி இல்லை, பரிசு இல்லை. தட்டில் மிச்சம் குறைகிறதா, வயதானவர்கள் எடை ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. விழுங்க முடியாதவர்களுக்கு நாங்கள் எல்லாவற்றையும் அரைத்துத்தான் கொடுக்கிறோம். அந்த அரைத்ததும் வாசனையாக, பார்க்க ஆசையாக இருக்க வேண்டும் என்று ஒரு பெயர்பெற்ற சமையல்காரர் டிவியில் சொன்னதை நான் முதல்முறை கேட்டேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் அந்த அறக்கட்டளையின் இணையப் பாடங்களைப் பார்த்துவிட்டு, பவுடரில் சூப் கலக்குவதை நிறுத்தினார். இப்போது எலும்பும் காயும் போட்டு நாங்களே கொதிக்கவைக்கிறோம். என்னைக் கேட்டால் டிவி சமையலால் நடந்ததிலேயே நல்லது இதுதான்.

தம்பிக்குக் கேட்டரிங் படிக்க ஆசை, டிவியில் வர வேண்டும் என்கிறான் என்று அம்மா சொன்னாள். படிக்கட்டும், தடுக்காதீர்கள். ஃபீஸுக்கு நான் அனுப்புகிறேன். ஆனால் சேர்வதற்கு முன்னால் இந்தப் பங்குனி முகூர்த்தங்களுக்கு அவனை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். அரிசி களைவதிலிருந்து கூலி கொடுப்பது வரை பக்கத்தில் நிற்கட்டும்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு நாட்டுச் சாப்பாடு போடுகிறோம், அடுத்த முறை என்னைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சொதி வைக்கலாம் என்று இருக்கிறேன். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் வயதானவர்களுக்கு ஒத்துப்போகும், காயையும் குழைய வேகவைக்கலாம். 60 பேருக்கு அளவு எழுதி அனுப்புங்கள். இங்கே டின்னில் வருகிற கெட்டிப்பால்தான் கிடைக்கும், அதில் முதல் பால், இரண்டாம் பால் எப்படிப் பிரிப்பது என்று சொல்லுங்கள். இவர்களுக்குக் காரம் ஆகாது. பச்சை மிளகாயை எவ்வளவு குறைத்தால் சரியாக வரும், அதற்கு இஞ்சியை ஏற்ற வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். எலுமிச்சம்பழம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரத்திலேயே இருக்கிறது.

உங்கள் அன்பு மகன்,
சங்கரன்