கூட்டத்துக்கு வராத தாய்க்குத் தண்டனை வேண்டாம், வருவதற்குக் கூலியோடு விடுப்பு வேண்டும்

அனுப்புநர்:
தேவிகுளம் தாலுகா தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெற்றோர்,
மூணாறு, இடுக்கி மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், குயிலிமலை, பைனாவு,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: பள்ளிப் பெற்றோர் கூட்டங்களுக்கு வருவதைத் தண்டனையோடு கட்டாயமாக்க வேண்டாம் எனவும், அந்நாள்களில் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியோடு அரைநாள் விடுப்புப் பெற்றுத் தருமாறும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கிறவர்களும் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களும். எங்கள் பிள்ளைகள் எஸ்டேட் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் மூணாறு டவுன் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். இந்த மனுவை எழுதும் நான் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தரப்பு உறுப்பினர். கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அம்மாமார்கள்.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பொதுக்குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. வகுப்புவாரியாக நடக்கும் பெற்றோர் கூட்டமான கிளாஸ் பி.டி.ஏ.வுக்கு வராத பெற்றோரின் பிள்ளைக்கு மார்க் கார்டு கொடுக்கக் கூடாது. அப்படியும் வராவிட்டால் அபராதம் போட வேண்டும். அரசே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தால் நல்லது என்றார்கள். பலர் கைதட்டினார்கள். வராதவர்களைப் பற்றிய பேச்சு அது. வராதவர்கள் அங்கே இல்லாததால் அவர்கள் தரப்பில் எழுந்து பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அந்தப் பதிலைத்தான் தங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ஆசிரியர்களின் கோபம் நியாயமானது. வாரக்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றிக் கேட்க வீட்டிலிருந்து ஒரு ஆள்கூட வராவிட்டால் அந்த டீச்சர் என்னதான் செய்வார்? சாயங்காலம் ஆனால் குடித்துவிட்டுக் கிடக்கும் தகப்பனும் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயங்களில் உண்டு. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வராத எல்லோரும் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் என்ற முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

கூட்டம் பெரும்பாலும் வேலைநாளில், மதியம் இரண்டு மணிக்கு நடக்கிறது. அந்த நேரத்தில் ஒரு தாய் எங்கே இருப்பாள் என்று பாருங்கள். காலையில் மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து பேர் கொடுத்தவள் அன்றைக்கு ஒதுக்கிய மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். சாயங்கால நிறுவை முடிந்தால்தான் அவள் நாள் முடியும். நடுவில் இறங்கிப் போனால் அன்றைய கூலியில் கை வைக்கிறார்கள். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் கூடுதலாக எடுக்கும் கொழுந்துக்குக் கிடைக்கும் கிலோ காசும் போய்விடும். அந்தக் காசில்தான் பிள்ளைக்குக் குடையும் ஷூவும் வாங்குகிறோம். உயரத்திலுள்ள தோட்டப் பிரிவுகளான டிவிஷன்களிலிருந்து டவுனுக்கு வர ஜீப்பை நம்ப வேண்டியிருக்கிறது. கூட்டம் நீண்டு இருட்டிவிட்டால் திரும்பும் வழியில் யானை நிற்கும்.

சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் விடுப்பு என்று வைத்தது. அந்த நாள்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவுக்கும், தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்து உறவு வீட்டுத் துக்கத்துக்கும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவுமே காணாது. சில வீடுகளில் பிள்ளை அங்கே தாத்தா பாட்டியிடமோ போடி, தேனி ஹாஸ்டல்களிலோ இருந்து படிக்கிறது, பெற்றோர் இங்கே. அந்தப் பிள்ளைக்கான கூட்டத்துக்கு யாரைக் கட்டாயப்படுத்துவது?

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துப் படித்தோம். அரசியலமைப்பின் 2002ஆம் ஆண்டு 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி பெற வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று 51அ பிரிவில் சேர்த்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. அந்தப் பிரிவு கடமையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தண்டனை எதையும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 17ஆவது பிரிவு பிள்ளையை உடலாலும் மனதாலும் வதைப்பதைத் தடுக்கிறது. அம்மா வரவில்லை என்பதற்காக வகுப்பில் எல்லோர் முன்னும் ஒரு பிள்ளைக்கு மட்டும் மார்க் கார்டை மறுப்பது மனவதை இல்லையா? தவறே செய்யாத பிள்ளை அங்கே தலைகுனிந்து நிற்கிறது.

வெளிநாட்டில் தண்டிக்கிறார்களே என்று அந்தக் கூட்டத்தில் உதாரணம் காட்டப்பட்டது. இங்கிலாந்தில் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம் உண்டு, வழக்கும் உண்டு. 2002இல் அங்கே ஒரு தாயைச் சிறைக்கே அனுப்பினார்கள். ஆனால் அது பிள்ளை பள்ளிக்கு வராததற்கான தண்டனை. பெற்றோர் கூட்டத்துக்கு வராததற்கு அல்ல. இந்த வித்தியாசத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அரசு எங்களைக் கட்டாயப்படுத்தினால் அதை எதிர்த்து இப்படி ஒரு மனு எழுத மாட்டோம். கூலியை இழந்து நாற்காலியில் வந்து உட்காரச் சொல்வது வேறு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சட்டம் வேறு பக்கம் பார்க்கிறது. 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமென்றால், பிள்ளையின் பள்ளிக் காரியத்துக்காக ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை போய்வரத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. இல்லினாய் மாநிலத்தில் ஆண்டுக்கு 8 மணி நேரம். இரண்டிலுமே கட்டாயம் முதலாளி மேல் இருக்கிறது. அந்த மணி நேரத்துக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்று அங்கேயும் இல்லை. ஆனால் நாள்கூலியில் வாழும் எங்களுக்குக் கூலியில்லாத விடுப்பால் பயன் கிடையாது.

கூட்டம் எங்களுக்கு எட்டினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். எங்கள் டிவிஷனில் ஒரு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்து, பிள்ளைக் காப்பகத்தின் முன்னால் கூட்டம் போட்டார். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலர் அடிக்கடி லீவு எடுப்பது ஏன் என்று கேட்டார். பள்ளி நோட்டில் அதற்குக் காரணம் காய்ச்சல் என்று இருந்தது. அங்கே உட்கார்ந்து பேசப் பேசத்தான் உண்மை வெளியே வந்தது. தூரத்து மலையில் வேலை விழுந்த நாள்களில் அம்மா விடிந்ததும் கிளம்ப வேண்டும். காப்பகம் அதற்குப் பிறகுதான் திறக்கும். இடையில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் நின்றுவிடுகிறாள். நின்றவள் அன்று பள்ளிக்குப் போவதில்லை. அன்றைக்கே ஆயாவிடமும் சூப்பர்வைசரிடமும் பேசினோம். காப்பகம் முன்கூட்டியே திறந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அந்தத் தாய்மாருக்கு அபராதம் போட்டிருந்தால் இந்தக் காரணம் வெளியே வந்திருக்குமா? இன்னொரு காய்ச்சல் கடிதம்தான் வந்திருக்கும்.

அடுத்தது மொழி. பள்ளியிலிருந்து வரும் நோட்டீஸும் வாட்ஸ்அப் செய்தியும் பல நேரம் மலையாளத்தில் மட்டுமே இருக்கின்றன. பிள்ளைகள் மலையாளம் படிப்பதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். இந்த மாநிலத்தில் வாழப்போகிறவர்கள் அவர்கள். கேரளத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் எல்லாப் பள்ளியிலும் மலையாளம் வேண்டும் என்கிறது. ஆனால் தாய்க்கு வரும் சேதி தாய்க்குப் புரிய வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையில்தான் இந்த மனுவையும் தமிழில் எழுதுகிறோம். இப்போது எங்கள் பக்கத்து லயங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. வராதவர்களுக்கு அபராதம் என்றால் முதலில் மாட்டுவது அவர்கள்தான். அவர்களுக்காகவும் கேட்கிறோம்.

ஆகவே, கூட்டத்துக்கு வராததற்காக மார்க் கார்டையோ வேறு எதையுமோ பிள்ளைக்கு மறுக்கக் கூடாது என்று கல்வித் துணை இயக்குநர் வழியாக எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறோம். இதைத் தாமதமின்றிச் செய்ய முடியும்.

எங்கள் முக்கியமான கோரிக்கை விடுப்பு. ஓணம், கிறிஸ்துமஸ் தேர்வுகளுக்குப் பிறகு ஒவ்வொரு முறை, ஆண்டு முடிவில் ஒரு முறை என வருடத்துக்கு மூன்று அரைநாள், ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு, கூலியோடு விடுப்பு வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கு இது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை நாள் கூலிதான். தோட்ட முதலாளிகள் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய வேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுக்கு 1951ஆம் ஆண்டின் சட்டமே அதிகாரம் கொடுத்தது. பிள்ளையின் படிப்பில் தோட்டத்துக்கும் பொறுப்புண்டு என்பது அன்றைக்கே ஒப்புக்கொண்ட சங்கதி. தாங்கள் தோட்ட நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் அழைத்துப் பேச வேண்டும். மாநில அளவில் பிளான்டேஷன் லேபர் கமிட்டியில் (தோட்டத் தொழிலாளர் குழு) இதை எடுக்கத் தொழிலாளர் துறைக்குப் பரிந்துரைக்கவும் வேண்டும்.

அந்த ஏற்பாடு வரும்வரை கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20ஆம் தேதி அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பெற்றோர் கூட்டம் நடந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆசிரியர்களின் ஓய்வுநாளைப் பறிக்க நாங்கள் விரும்பவில்லை. அவர்களுக்கு ஈடாக வேறொரு நாள் விடுப்புத் தர வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியோ சித்தியோ வந்தாலும் பெற்றோர் வந்ததாக ஏற்க வேண்டும். நோட்டீஸ் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அப்படிப்பட்ட வீடு எது என்பது லயத்தில் எங்களுக்குத் தெரியும். மேலாண்மைக் குழு உறுப்பினர்களாகிய நாங்கள் டீச்சரோடு அந்த வீட்டுக்குப் போய்ப் பேசத் தயாராக இருக்கிறோம்.

இதுபற்றி எங்களை நேரில் விசாரிக்க விரும்பினால் பைனாவுக்கு அழைக்காமல், தேவிகுளம் தாலுகா அலுவலகத்தில், சாயங்கால நிறுவை முடிந்த பிறகான நேரமாகக் குறித்துத் தர வேண்டுகிறோம். அப்படிக் குறித்தால் கையெழுத்திட்ட எல்லோரும் வருவோம்.

இப்படிக்கு,
தேவிகுளம் தாலுகா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பெற்றோர்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இடம்: மூணாறு

நகல்: கல்வித் துணை இயக்குநர், தொடுபுழா, பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர், மூணாறு.