டிப்ஸுக்கும் கணக்கில் இடம் கொடுங்கள்: மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவகங்களின் சேவையை மதிப்பிட எங்களை மாறுவேட வாடிக்கையாளர்களாக அனுப்பிவைக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

சென்னையில் ஓர் உணவகத் தணிக்கையை முடித்து நான் அனுப்பிய கணக்கில் நூறு ரூபாயை மட்டும் வெட்டிவிட்டு, டிப்ஸ் கொடுப்பது தங்கள் சொந்த விருப்பம், அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று உங்களில் ஒருவர் அண்மையில் பதில் அனுப்பியிருந்தார். நூறு ரூபாய் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்தப் பதிலில் உள்ள நியாயம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தப் பணிக்கு நீங்கள் தந்த குறிப்புகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை இரவு, கூட்டம் நெரியும் நேரத்தில், இருவராகச் சென்று உட்கார வேண்டும். இன்று எது நன்றாக இருக்கும் என்று சர்வரிடம் கேட்க வேண்டும்; மெனுவில் இல்லாத ஒன்றைக் கேட்டு அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்க வேண்டும்; வந்த உணவில் காரம் கூடுதல் என்று சொல்லி மாற்றித் தரச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் முகம் சுளிக்காமல் அடுக்களைக்கும் மேசைக்குமாக நடந்த அந்த இளைஞர், கடைசியில் சோம்புக் கிண்ணத்தோடு பில்லைக் கொண்டுவந்து வைத்தபோது, உங்கள் விதிப்படி நான் பில் தொகையை மட்டும் க்யூஆர் கோடில் பைசா பிசகாமல் செலுத்திவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நாங்கள் அடைத்துக்கொண்டிருந்த மேசையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஐம்பதோ நூறோ கிடைத்திருக்கும். அதையும் கெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையில் குத்தியிருந்த பெயரைக் குறிப்பிட்டு, அவர் போதுமான அளவு புன்னகைத்தாரா என்று மதிப்பெண் போட வேண்டும்.

சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டதும், அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் நீங்கள் அறியாதவை அல்ல. ஒரு நுகர்வோராக அத்தீர்ப்பை நானும் வரவேற்றேன். ஆனால் ஊழியருக்கு ஏதேனும் கொடுப்பதும் கொடுக்காததும் முழுக்க வாடிக்கையாளரின் மனத்தைப் பொறுத்தது என்று ஆகிவிட்ட பிறகு, அந்த வாடிக்கையாளரின் வேடத்தில் உள்ளே நுழைபவரின் கையை நீங்கள் கட்டிப்போடுவது எப்படிச் சரியாகும்?

இயல்பான வாடிக்கையாளரைப் போலவே நடந்துகொள்ளுங்கள் என்பது உங்கள் முதல் விதி. இருபது கேள்வி கேட்டு, தட்டைத் திருப்பி அனுப்பி, கடைசியில் ஒற்றை நோட்டுக்கூட வைக்காமல் போகிறவரைச் சர்வர்கள் எளிதில் மறப்பதில்லை. அடுத்த முறை அவர் வாசலில் தலைகாட்டும்போதே அடையாளம் கண்டுகொள்வார்கள். டிப்ஸ் கொடுத்தால் மதிப்பீடு ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்றும் சொல்கிறீர்கள். பணிவிடையெல்லாம் முடிந்து, பில்லும் கட்டிய பிறகு வைக்கும் பணம் எந்த மதிப்பெண்ணைக் கூட்டிவிடும்?

ரசீது இல்லாத செலவை ஏற்க முடியாது என்பது உங்களிடமிருந்து வரும் இன்னொரு பதில். கழிவறைக் குழாயைக்கூட நேரமும் இடமும் பதிந்த புகைப்படமாகக் கேட்டு வாங்கும் உங்களுக்கு, பில்லின் ஓரத்தில் எழுதிய டிப்ஸ் தொகையை நம்புவதில் மட்டும் இத்தனை தயக்கம் வருவது வியப்புதான். எங்கள் ஊதியம் வர மாதக்கணக்கில் ஆவதை நாங்கள் நம்பிக்கையோடு பொறுத்துக்கொள்ளவில்லையா? அது வேறு கதை. அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உணவகப் பணிகளுக்கு நீங்கள் திருப்பித் தரும் தொகையில், சாப்பாட்டுச் செலவின் உச்சவரம்பைத் தொடாமல், பில்லில் பத்து விழுக்காடு வரையிலான டிப்ஸுக்குத் தனியாக இடம் ஒதுக்குங்கள், ரசீது கேட்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளரான உணவக முதலாளிகளிடம் ஒப்பந்தம் பேசும்போதே இதையும் செலவில் சேர்த்துவிடலாம். தம் ஊழியருக்குப் போகும் பணத்தை அவர்கள் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு நாளாகும் என்றால், பணிக் குறிப்பில் உள்ள 'டிப்ஸ் தவிர்க்கவும்' என்ற வரியையாவது இப்போதே எடுத்துவிடுங்கள். அதுவரை கொடுப்பதை நாங்கள் எங்கள் கையிலிருந்தே கொடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் உள்ள ஒரு மிஸ்டரி ஷாப்பர்,
சென்னை.