தையலும் டெக்காவும்

மாப்ளே செந்தில்,

தோள் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஜிம் மாஸ்டர் டெக்கா ஊசி, அதாவது நான்ட்ரலோன் என்கிற தசை வளர்க்கும் ஸ்டீராய்டு, போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா.

மேல்கை எலும்பின் தலையில் ஆங்கர் என்கிற நூல் கோத்த சின்ன ஆணியை இறக்கி, அறுந்த தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) அந்த நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முதல் 6 வாரம் அதைப் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த நூல்தான். எலும்போடு ஓரளவு ஒட்டவே 12 வாரம் ஆகும். நான்ட்ரலோன் தசையைச் சீக்கிரம் முறுக்கேற்றிவிடும். ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. தசை பலமாக இழுத்தால் நூல் அறுவதில்லை, நைந்த வேட்டியில் போட்ட தையல் மாதிரி தசைநாணைக் கிழித்துக்கொண்டு வரும். டெக்கா போட்டால் மூட்டு வலி தெரியாது என்று வேறு சொல்வார்கள். இப்போது உன் கையைத் தூக்கவிடாமல் வைத்திருப்பதே அந்த வலிதான்.

நான்ட்ரலோனைச் செம்மறியாடுகளில் சோதித்திருக்கிறார்கள். தசைநாண் அறுந்த உடனே கொடுத்தபோது தசையில் கொழுப்பு படிவது குறைந்தது. நாள்பட்ட கிழிசலில் பயனில்லை. உன் கிழிசல் பழசு. கூடவே நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், ரத்தம் கெட்டிப்படும், உடம்பு சொந்தமாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் மாதக்கணக்கில் படுத்துவிடும்.

டாக்டர் சொன்ன 'ஸ்டீராய்டு ஊசி' வேறு ஜாதி. அது கார்டிசோன், வீக்கத்தை அடக்கும், தசை வளர்க்காது. அதற்கும் நேரம் உண்டு. முதல் 4 வாரத்தில் போட்டால் கிருமித் தொற்று அபாயம் கூடும். 8 வாரம் தாண்டியும் தோள் இறுகி, ராத்திரி தூங்கவிடாமல் வலித்தால், தையல் சரியாக இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு ட்ரையாம்சினலோன் என்கிற கார்டிசோன் வகை மருந்தை 40 மில்லிகிராம் ஒரு தடவை போடுவது வழக்கம். உனக்குச் சர்க்கரை இருக்கிறதே, ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் தினமும் பார், ஏறும்.

இப்போதைக்கு ஸ்லிங்கைக் கழற்றாதே. தூங்கும்போது முழங்கைக்குப் பின்னால் தலையணை வை, கை பின்னே சரியக்கூடாது. விரல், மணிக்கட்டு, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டு. டீ டம்ளரைக்கூட அந்தக் கையால் எடுக்காதே. ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராமாவது புரதம் சாப்பிடு. கிட்னி சரியாக இருந்தால்தான். சிகரெட்டை நிறுத்திவிட்டாயா இல்லையா, அதை எழுதவே இல்லையே? தையல் ஒட்டாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷன் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை சென்டிமீட்டர் கிழிசல், எத்தனை ஆங்கர் என்று அதில் இருக்கும். பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி