கோதுமை இல்லாதது வேறு, குளூட்டன் இல்லாதது வேறு

வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: உங்கள் கார்ன்ஃபிளேக்ஸில் சொல்லாமல் பார்லி மால்ட் சாறு சேர்த்தது – நான்காவது முறையாக அனுப்பும் புகார்

ஐயா / அம்மா, வணக்கம்.

முதல் மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. போனில் ஏழு தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புது ஆள், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்தத் தடவையாவது தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

எனக்கு சீலியாக் நோய். 14 மாதங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் பயாப்ஸியும் எடுத்து உறுதிசெய்தார்கள். குளூட்டன் என்ற புரதம் இருக்கும் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் ஆயுள் முழுக்க விலக்குவதுதான் இதற்குச் சிகிச்சை. சல்லடை முதல் பொரிக்கிற எண்ணெய் வரை எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் கையில் சாப்பாட்டு டப்பாவோடுதான் போகிறேன். யோசிக்காமல் எடுத்துச் சாப்பிட எனக்கு மிச்சமிருந்த ஒரே பொருள் உங்களுடையதுதான். முன்பக்க வட்டத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டிருந்தீர்கள், நம்பினேன்.

புதுப் பெட்டியிலும் அதே நிறம், அதே படம், அதே வட்டம். உள்ளே எழுத்து மட்டும் 'கோதுமை இல்லாதது' என்று மாறியிருக்கிறது. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில், கடைசிக்கு முந்தின வரியில் பார்லி மால்ட் சாறு. மூன்று வாரம் தினமும் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறேன். வயிற்று உப்பசம், பேதி, மாடிப்படி ஏற முடியாத அசதி. எதில் கலப்படம் என்று தெரியாமல் சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினேன், உங்கள் பெட்டியைத் தவிர.

அப்புறம் உங்கள் ஊழியர் பேசிய பேச்சு. "கோதுமை இல்லையென்றால் குளூட்டனும் இல்லைதானே, மேடம்" என்றார். பார்லியிலும் உண்டு என்றேன். "சாறுதானே, எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். இது அலர்ஜி இல்லை. குளூட்டன் உள்ளே போனால் என் எதிர்ப்புச் சக்தியே என் குடலுறிஞ்சிகளைத் தாக்குகிறது. அவை தட்டையாகிவிட்டால் சாப்பாட்டிலிருக்கும் இரும்பும் கால்சியமும் உடம்பில் சரியாகச் சேராது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரித்தார். பக்கத்தில் யாரிடமோ "இன்னொரு டயட் கேஸ்" என்றது என் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டார். எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். அதற்கு முன்பே, பெட்டியை நேரில் கொண்டுவரச் சொன்னதும் உங்கள் ஆட்கள்தான். அரைநாள் விடுப்புப் போட்டு, வழியில் இரண்டு தடவை கழிப்பறை தேடி இறங்கி, வந்து சேர்ந்தேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "பிரித்த பெட்டியை வாங்க மாட்டோம்" என்றார்கள். பிரித்துச் சாப்பிட்டதால்தானே புகாரே வந்தது! இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே?

போன வார ரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டும் டிடிஜி எதிர்ப்பொருளின் அளவு மறுபடி ஏறியிருக்கிறது. 14 மாதப் பாடும் மண்ணாகிவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு வருடத்தையே பறித்துவிட்டீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சேர்மானத்தை மாற்றுவது உங்கள் விருப்பம். மாற்றியதைச் சொல்ல வேண்டாமா? உங்கள் இணையதளத்தில் இன்று காலையில்கூட 'குளூட்டன் இல்லாதது' என்றே இருந்தது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி அந்த வார்த்தையைப் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. புதுச் சரக்கைப் பரிசோதித்தீர்களா? அறிக்கையை அனுப்புங்கள். இணையதளத்திலிருந்து அந்த வரியை இன்றைக்கே எடுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் 'பார்லி உள்ளது' என்று கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். அந்த ஊழியரின் மன்னிப்பு எனக்கு எழுத்தில் வேண்டும். பதிலுக்கு இன்னொரு பெட்டி தருவதாக ஒருவர் சொன்னார். அதிலும் அதே பார்லிதானே இருக்கும், எனக்கு வேண்டாம்.

10 நாள் பார்ப்பேன். பெட்டி, பில், பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பதில் வராவிட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் போவேன், நுகர்வோர் வழக்கும் போடுவேன். அங்கெல்லாம் அலைய எனக்கு இப்போது உடம்பில் தெம்பில்லை. தயவுசெய்து அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டியை நம்பி வாங்கிய வாடிக்கையாளர்

பி.கு.: சீலியாக் உள்ள குழந்தைகளுக்கும் இதையேதான் வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் இணையதளத்தைத் திருத்துங்கள்.