ஊதியம் வாங்காத வேலைக்கும் தடையா? மனிதவளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்துக் கேட்டு நீங்கள் அனுப்பிய உறுதிமொழிப் படிவத்தைப் படித்தோம். "ஊதியம் பெற்றோ பெறாமலோ வேறு எப்பணியும் செய்ய மாட்டேன்" என்ற வரியை நீக்கிவிடக் கோருகிறோம்.

2022-இல் ஐ.டி. நிறுவனமான விப்ரோ 300 பேரை நீக்கியபோது, அவர்கள் போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததாகச் சொன்னது. அதைத் தடுங்கள், மறுப்பில்லை. ஆனால் இரண்டாவது வேலை பார்ப்பவரெல்லாம் காசுக்கு அலைபவர் என்று முடிவுகட்டினால் எப்படி?

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பராமரிக்கும் சப்போர்ட் பிராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் ஒருவருக்கு டிக்கெட், அதாவது குறைப் பதிவு, வருகிறது. மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவான லாகைப் பார்த்ததும் பிழை எந்த வரியில் என்று தெரிந்துவிடுகிறது. திருத்தத்தான் அனுமதி இல்லை. மாற்றக் கோரிக்கை (சேஞ்ச் ரிக்வெஸ்ட்) போட்டு, கிளையன்ட் ஒப்புதல் வந்து, திருத்தங்களை வெளியிடும் மாதாந்திர ரிலீஸில் இடம் கிடைக்க வேண்டும். ஆனால் டிக்கெட்டை முடிக்க கிளையன்ட் ஒப்பந்தத்தில் உள்ள கெடு (எஸ்.எல்.ஏ.) அதுவரை காத்திருக்காது! சர்வரை ரீஸ்டார்ட் செய்து டிக்கெட்டை மூடுகிறார். அடுத்த வாரம் அதே பிழை, புது டிக்கெட் எண். அப்ரைசலில் மூடிய டிக்கெட்டைத்தான் எண்ணுகிறீர்கள். பிழையை அடியோடு தீர்த்தவருக்கு எண்ணிக்கை குறையும்.

அதே ஆள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடைக்கு பில் போடும் ஆப் எழுதுகிறார் என்று வையுங்கள். மல்லிகை விலை ஒரே காலையில் ஏறி இறங்கும். விலையைப் பொருள் பட்டியலில் மட்டும் வைத்தால், புது விலை போட்டதும் விடிகாலை பில்லின் தொகையும் மாறி, பூ கொண்டுவந்த விவசாயியின் கணக்கு குழம்பும். அதனால் அந்தந்த நேரத்து விலையை பில்லின் ஒவ்வொரு வரியிலும் பதிய வேண்டும். சிக்னல் போனால் பில் போனிலேயே நிற்கும். திரும்ப அனுப்பும்போது இரண்டு முறை ஏறாமலிருக்க, ஒவ்வொரு பில்லுக்கும் தனி அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்க வேண்டும். காலையில் கடைக்காரர் குறை சொன்னால் இரவே திருத்திவிடலாம். பெட்ரோல் காசுகூடத் தேறாது. ஆனாலும் எழுதியது ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். உங்கள் 'இன்னோவேஷன்' போஸ்டரில் இருப்பதும் இதுதானே?

பிராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் இருப்பவர் கோர்ஸ் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போவது மட்டும் கற்றல் கணக்கில் சேர்கிறது. மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் மென்பொருளுக்குச் செலவழிக்கவும் மனம் வருகிறது. சரி, அதை விடுங்கள்.

போட்டி நிறுவனம், அலுவலக லேப்டாப், அலுவலக நேரம், கிளையன்ட் தகவல் இவை நான்கையும் தாராளமாகத் தடை செய்யுங்கள். மற்றவற்றுக்கு ஒரு பக்க விண்ணப்பமும் 15 நாளில் பதிலும் போதும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள், அன்றே கையெழுத்துப் போடுகிறோம்.

இப்படிக்கு,
மதுரைக் கிளை ஊழியர்கள்